பஸ்ஸுக்குப் பக்கத்தில் என் முகம்

அன்று பஸ் யார்டில் இருந்தவர்கள் இவர்கள். முதலாளி, பிளாஸ்டிக் நாற்காலியில். அவருடைய மகள், மடியில் கணினியோடு. ரெம்பியா லைன் ஓட்டுகிறவர், வாயில் வெற்றிலையோடு. செர்காம் பக்கம் ஓட்டுகிற மலாய்க்காரர். பஸ் கழுவுகிற அக்கா, கையில் ஈரத் துணியோடு. மெக்கானிக், பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்ததால் கால் மட்டும் தெரிந்தது. கடைசியில் நான்.

நான் பஸ் ஓட்டுகிறவன். மலாக்கா பக்கம், பத்து பெரண்டாம் என்கிற ஊரில் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கம்பெனி எங்களுடையது. மூன்று பஸ். முதலாளி தமிழ் முஸ்லிம். அவருடைய வாப்பா மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர். இவருக்குத் துணியில் மனம் போகவில்லை, பஸ் வாங்கினார். வாங்கிய முதல் பஸ்ஸுக்கு முதல் டிரைவர் நான்தான். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு எனக்குப் படிப்பு நின்றது. லைசென்ஸ் மட்டும் ஒரே தடவையில் கிடைத்தது.

முதலாளி சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"ஒரு பேக்டரி நைட் ஷிப்ட நிப்பாட்டிருச்சு. இனிமே ரெண்டு பஸ் போதும். மூணாவது பாதி நேரம் சும்மா நிக்குது. நிக்கிற பஸ்ஸுக்கும் ரோட் டேக்ஸ் கட்டணும்."

மூன்றாவது பஸ் என்னுடையது. அதுதான் பழையது.

"மூவார் ஊர்க்காரன் ஒருத்தன் இத விலைக்குக் கேக்குறான். நான் இன்னும் சரின்னு சொல்லல. வெளியூர் போற பெர்மிட் இந்த பஸ்ஸுக்கு இருக்கு. ஸ்கூல் லீவு முடியறதுக்குள்ள ஒரு டிரிப்பாவது நெறஞ்சு போகட்டும். போச்சுன்னா வெச்சிக்குவேன். காலி சீட்டோட போனாலும் வித்துருவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

பஸ் போனால் அதன் டிரைவரும் போவான். அதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் மகள் கணினியை மூடினாள். கோலாலம்பூரில் படித்து விட்டு வந்த பெண். அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பார்க்கிறோம். எங்களுக்குப் பாப்பாதான்.

"டிரிப்பு தன்னால வராது அங்கிள். நாமதான் சொல்லணும். எஃப்பி-ல நம்ம கம்பெனி பேஜ் இருக்கு, அதுல நான் போட்டா யாரும் பாக்க மாட்டேங்குறாங்க. கம்பெனி தன்னப் பத்தி நல்லாத்தானே சொல்லும். வேலை செய்ற நீங்க சொன்னா ஜனங்க கேப்பாங்க. உங்க சொந்தக்காரங்க, எஸ்டேட் ஆளுங்க, கோயில் குரூப்பு, எல்லாத்துலயும் போடுங்க. கட்டாயம் இல்ல. பிடிச்சவங்க போடலாம்."

பஸ்ஸுக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது.

"போட்டா சம்பளம் ஏறுமா பாப்பா?"

"ஏறாது அங்கிள்."

"அப்ப நான் லைக் மட்டும் போடுறேன்."

"லைக் போட வெரல்ல கிரீஸ் இல்லாம இருக்கணும்டா," என்றார் முதலாளி.

மலாய்க்காரருக்கு நாங்கள் பேசுகிற தமிழ் பாதி புரியும். "போலே லா," என்று தலையை ஆட்டினார். முடியும் என்று அர்த்தம். அக்கா மட்டும் தன் போனை எடுத்து, "எங்க அமுக்கணும்?" என்று பாப்பாவிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலம் எங்கள் எல்லோருக்கும் பாப்பா ஒரு செய்தி அனுப்பினாள். பஸ் படம் ஒன்று. கீழே நாலு வரி. எங்கள் கம்பெனி பஸ் பாதுகாப்பானது, சுத்தமானது, கல்யாணம், கோயில், சுற்றுலா எல்லாவற்றுக்கும் அழையுங்கள் என்று இருந்தது. அதற்கும் கீழே, இது மாதிரிக்குத்தான், உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்று இருந்தது.

சொந்த வார்த்தைக்கு நாங்கள் எங்கே போவது. எல்லோரும் அப்படியே எடுத்துப் போட்டோம். அந்தக் கடைசி வரியையும் சேர்த்துத்தான் போட்டோம். மலாய்க்காரர் அதன் கீழே 'எனக்கும் இதே கருத்துதான்' என்று மலாயில் எழுதினார்.

இன்னொன்றும் நடந்தது. அதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் முகநூலில் தங்கள் முகத்தைப் போடமாட்டார்கள். என் கணக்கில் முருகன் இருந்தார். அக்கா கணக்கில் ரோஜாப்பூ. ரெம்பியாக்காரர் கணக்கில் ஒரு நடிகர். மெக்கானிக்குக்கு ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். மலாய்க்காரர் செர்காம் கடலில் தான் பிடித்த மீனைப் போட்டிருந்தார். மீன் பெரிது, அதைப் பிடித்த கை மட்டும் தெரியும். பெயரும் அப்படித்தான். அக்கா தன் பேத்தியின் பெயரில் இருந்தார். கேட்டால் கண் படும் என்பார்கள். தன்னைத் தானே காட்டிக்கொள்வது எங்களுக்குப் பழக்கமில்லை. லைசென்ஸுக்கும் ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்கும் தவிர நான் முகத்தைக் காட்டியதில்லை.

மறுநாளே ஓர் அழைப்பு வந்தது. ரெம்பியாவிலிருந்து ஒருவர். மகனுக்குக் கல்யாணம், பெண் வீடு ஈப்போவில். மாப்பிள்ளை வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். விலை பேசினார், படிந்தது. நாளைக்கு முன்பணத்தோடு வருகிறேன் என்றார். முதலாளி என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். நான் போய் பஸ்ஸின் முன் கண்ணாடியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. போன்தான் வந்தது. முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசை மேல் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். என் மகன் எஃப்பி-ல பாத்துருக்கான். அஞ்சாறு பேரு, எல்லாம் ஒரே எழுத்து. ஒருத்தர் மூஞ்சியும் இல்ல. முருகன், பூவு, மீனு, மோட்டாரு. கீழ எல்லாரும் ஸ்கேமர்னு எழுதி வெச்சிருக்காங்க. போன வருஷம் எங்க சொந்தத்துல ஒருத்தரு இப்பிடித்தான் பஸ்ஸுக்குக் காசக் கட்டிட்டு, கல்யாணத்தன்னிக்கி ரோட்டுல நின்னாரு. பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க சொல்லுங்க. எனக்கு பயமா இருக்கு."

"நீங்க யார்டுக்கு வந்து பஸ்ஸ பாருங்களேன்."

"பஸ்ஸ யாரு வேணாலும் காட்டலாம் பாய்."

வைத்துவிட்டார்.

பாப்பா தன் போனில், நாங்கள் போட்டதற்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் பார்த்தாள். ஒரே ஆள் அஞ்சு பேரில் போடுகிறான் என்று ஒருவர். சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னதையும் சேர்த்துப் போட்டிருக்கிறான் மடையன் என்று இன்னொருவர். அதற்கு நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

முதலாளிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"முருகனே வந்து சிபாரிசு பண்ணியும் நம்ப மாட்டேங்குறாங்களேப்பா."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பாவுக்கும் வரவில்லை.

"நாந்தான் சரியா சொல்லல," என்றாள். "எழுத்து வேணாம் அங்கிள். மூஞ்சி வேணும். யாராச்சும் பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்த பேசுனா போதும். நான் வீடியோ புடிக்கிறேன்."

"என் மூஞ்சிய போட்டா இருக்கிற ஆளும் ஓடிருவாங்க பாப்பா," என்றார் அக்கா.

ரெம்பியாக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மாமியா வீட்டு விசேஷத்துக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். மூஞ்சி தெரிஞ்சா நான் செத்தேன்."

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். பாப்பா மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பிடிக்கலன்னா வேணாம் அங்கிள். வேற வழி பாப்போம்," என்றாள்.

வேற வழி இல்லை. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

"மூஞ்சி போடணுமாம்."

"யாரு மூஞ்சி?"

"என் மூஞ்சி. எஃப்பி-ல."

அவள் ரசத்தை ஊற்றினாள்.

"கண்ணு படும்னு சொல்லுவீங்களே."

"படட்டும். பஸ்ஸு போயிருச்சுன்னா அப்பறம் என்னத்த பாத்துக் கண்ணு வைக்கப் போறாங்க."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி அதிகம் பார்த்ததில்லை.

"ஷேவ் பண்ணிட்டுப் போங்க," என்றாள்.

காலையில் ஷேவ் பண்ணினேன். கம்பெனிச் சட்டையை அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். யார்டுக்குள் நுழைந்ததும் மெக்கானிக் பார்த்துவிட்டார்.

"டேய், பவுடரு போட்டிருக்கான் டேய்."

"போடல."

"மீசைக்கு மை?"

"போடா."

பாப்பா போனைத் தூக்கிப் பிடித்தாள். என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதை என்றாள். நான் பஸ்ஸைப் பார்த்துப் பேசினேன். அவள் என்னைப் பாருங்கள் என்றாள். போனைப் பார்த்தேன்.

நான் பேசியது இவ்வளவுதான். இது எங்கள் பஸ். இந்த பஸ்ஸை வாங்கிய நாளிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். பிரேக் போன மாதம் மாற்றியது. டயர் ஆறும் புதுசு. ஏர்கோன் குளிரும், பின்னால் கொஞ்சம் கம்மி. இடது பக்கம் ஒரு சீட்டு கிழிந்திருக்கிறது, தைக்கப் போகிறோம். கம்பெனி நல்ல கம்பெனி. முதலாளி டயர் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் வாங்கித் தருவார், வேறு இடத்தில் அப்படி இல்லை. எங்களை ஸ்கேமர் என்று எழுதியிருந்தீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். வந்து பாருங்கள்.

பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நின்றேன். பாப்பா நிறுத்தினாள்.

"சீட்டு கிழிஞ்சத ஏன்டா சொன்னே?" என்றார் முதலாளி.

"ஏறினா தெரியப்போவுது பாய்."

அவர் மகளைப் பார்த்தார். அவள், "இருக்கட்டும் வாப்பா," என்றாள். போட்டுவிட்டாள். என் கணக்கிலும் போட்டாள். முருகனை எடுத்துவிட்டு என் முகத்தை வைத்தாள். முருகனிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தேன். மத்தியானம் தொழிற்சாலை வாசலில் ஆட்களுக்காகக் காத்திருந்தபோது, ரெம்பியாக்காரர் தன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து என் கதவைத் தட்டினார்.

"ஹீரோ சார், கீழ எறங்குங்க. ரசிகருங்க எழுதியிருக்காங்க."

முதலில் ஒரு பெண் எழுதியிருந்தாள். 'இந்த அண்ணன் பஸ்லதான் நான் கல்யாணம் ஆகிற வரைக்கும் வேலைக்குப் போனேன். வாசல் லைட்ட போட்டாதான் பஸ்ஸ எடுப்பாரு.' அதன் கீழே இன்னொருத்தி. 'ஆமா, எங்க அம்மா தூங்கிட்டா நான் உள்ள போயி லைட்ட போட மறந்துருவேன். ஹார்ன் அடிப்பாரு. தெருவே எழுந்துக்கும்.' அதற்குக் கீழே மலாயில் ஒருத்தி எழுதியிருந்ததை மலாய்க்காரர் படித்துக் காட்டினார். அவளும் லைட்டைத்தான் சொல்லியிருந்தாள்.

நைட் ஷிப்ட் முடிந்து பெண்களை இறக்கிவிடும்போது நான் செய்கிற வேலை அது. எஸ்டேட் லைன் வீடுகள், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள். வழியில் விளக்கு இருக்காது, நாய் இருக்கும். இறங்கிய பெண் உள்ளே போய் வாசல் விளக்கைப் போட்டு அணைப்பாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கியரைப் போடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. அதை ஒரு வேலையாக நான் நினைத்ததும் இல்லை. பஸ்ஸை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடுவது போலத்தான்.

ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. அலோர் காஜா, ஜாசின், இப்போது சிங்கப்பூரில் இருக்கிற ஒருத்தி. சிலர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. வீடு ஞாபகம் இருந்தது. இந்த வீட்டில் விளக்கு மஞ்சள், இந்த வீட்டில் நீளக் குழல் விளக்கு, எரிய நேரம் ஆகும்.

சாயங்காலம் முதலாளி யார்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தேன்.

"ஏம்ப்பா, இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லியே."

"என்னன்னு சொல்றது பாய். எறக்கிவிட்டா உள்ள போனாங்களான்னு பாக்க வேணாமா."

"இத்தன வருஷம் எஞ்சின ஓட விட்டு என் டீசல எரிச்சிருக்கே."

"எரிச்சேன் பாய்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். பலமாகத்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு மற்றவர்களும் துணிந்தார்கள். அக்கா பஸ் கழுவுகிறதை, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வாளியோடு எடுக்கச் சொன்னார். "என் பேத்தி பேரு வேணாம், என் பேரப் போடு பாப்பா," என்றார். மெக்கானிக் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி பேசினார், முகம் பாதிதான் தெரிந்தது. மலாய்க்காரர் கையில் மீன் இல்லாமல் நிற்கச் சங்கடப்பட்டார். ரெம்பியாக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கே மாமியார் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் பேசியதை நாங்கள் கேட்டோம். நான்கு நாளைக்கு அதை வைத்தே சிரித்தோம். இந்தக் கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று அதுவரை நாங்கள் யாரும் வெளியே சத்தமாகச் சொன்னதில்லை. கேட்டால் பஸ் வேலை என்போம். இப்போது கம்பெனி பெயரைச் சொன்னோம்.

கல்யாணக்காரர் யார்டுக்கு வந்தார். மனைவியையும் கூட்டி வந்தார். போனில் இருந்த என் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார்.

"நீங்கதானா?"

"நாந்தான்."

"லைட்டு போட்டாதான் பஸ்ஸ எடுப்பீங்களாமே?"

"ஆமா."

அந்த அம்மா பஸ்ஸுக்குள் ஏறி, "கிழிஞ்ச சீட்டு எதுங்க?" என்று கேட்டார். அக்கா காட்டினார். தைத்தாகிவிட்டது. அந்த அம்மா அதில் உட்கார்ந்து பார்த்தார், இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். இறங்கி வந்து கணவரிடம் கண்ணைக் காட்டினார். முன்பணம் கொடுத்தார்கள்.

முதலாளி விடுகிற ஆள் இல்லை. "மொத்தம் நாப்பத்து நாலு சீட்டு. எத்தன பேரு வருவாங்க?"

"அது எப்பிடி பாய் இப்ப சொல்றது. நம்ம ஆளுங்களப் பத்தித் தெரியாதா. பாதிப் பேரு காரு வெச்சிருக்காங்க. காலையில பாத்தாதான் தெரியும்."

முதலாளி என்னைப் பார்த்தார். காலி சீட்டோடு போனாலும் விற்றுவிடுவேன் என்றது சொன்னதுதான். மூவார்காரர் அந்த வாரம் வந்து பஸ்ஸைச் சுற்றிப் பார்த்து, டயரைக் காலால் உதைத்துவிட்டுப் போனார். நான் தடுக்கவில்லை. டயர் நல்ல டயர்.

கல்யாணத்தன்று விடிகிற நேரத்தில் ரெம்பியாவில் அவர் வீட்டு முன்னால் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா முந்தின நாளே கழுவி, முன்னால் மாலை கட்டியிருந்தார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சை வைத்தது நான். முதலாளி தன் காரில் பின்னாலேயே வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் வந்ததும் டயரைப் பார்க்கிறது போலக் குனிந்து நின்றுகொண்டார்.

வீட்டு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. அதைப் பார்த்ததும் என் பஸ்ஸின் காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு காரில். அவனுடைய கூட்டாளிகள் இரண்டு காரில். தட்டு வரிசை எல்லாம் ஒரு வேனில். பஸ்ஸில் முதலில் ஏறியது வயதான ஆண்கள் நாலைந்து பேர், பிறகு பிள்ளைகளோடு இரண்டு குடும்பம். பின்னால் எல்லாம் காலி. கல்யாணக்காரர் என்னிடம் வந்து, "கெளம்பலாமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். வேறு என்ன சொல்வது.

அப்போது ஒரு காரின் கதவு திறந்தது. பட்டுச் சேலையில் ஒரு பெண் இறங்கினாள். உள்ளே ஸ்டீயரிங்கில் இருந்த மகனிடம் பேசினாள்.

"நீ முன்னாடி போய்க்க. நான் அண்ணன் பஸ்ல வர்றேன்."

"அம்மா, காருல ஏர்கோன் இருக்கும்மா."

"பஸ்லயும் இருக்கு. பின்னால கொஞ்சம் கம்மின்னு அவரே சொல்லிட்டாரு. நான் முன்னால ஒக்காந்துக்கிறேன்."

படியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "அண்ணே, என்ன ஞாபகம் இருக்கா?" என்றாள். முகம் தெரியவில்லை. எந்த எஸ்டேட் என்று கேட்டேன். சொன்னாள். "நீல கேட்டு, மாட்டுக் கொட்டா பக்கத்துல," என்றேன். அவள் திரும்பி நின்று சத்தம் போட்டாள்.

"ஏய், எல்லாரும் எறங்கி வாங்கடி. காருல தனித்தனியா போயி என்னத்த பேசப் போறீங்க?"

ஒரு காரிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்கள் வந்ததைப் பார்த்து அடுத்த காரிலிருந்தும் வந்தார்கள். அவர்களில் ஒருத்தியும் பழைய நைட் ஷிப்டுதான். பிள்ளைகள் அம்மா இருக்கிற இடத்துக்கு வந்தார்கள். பெண்கள் எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு சில ஆண்களும் காரைப் பூட்டிவிட்டு வந்து ஏறினார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மட்டும், "நான் காருலயே வர்றேன்," என்று நின்றார். அவருடைய மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வையில் அவரும் ஏறினார்.

முதலாளி டயரை விட்டு நிமிர்ந்து பஸ் படியருகே வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் தலையை எண்ணுவது என் வழக்கம். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பின்வரிசைக்குப் போய் அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். மடியில் இருக்கிற குழந்தைகளைச் சேர்க்கவில்லை. சீட்டில் இருக்கிறவர்கள் மட்டும். தைத்த சீட்டிலும் ஆள் இருந்தது. முன்னால் வந்து படியில் நின்று, முதலாளிக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நாப்பத்து நாலு."